காற்றுக்குத்தான் காசு போகிறது: வாசகர் கேள்வி பதில்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் மின்செலவு பற்றிச் சென்ற மாதம் எழுதிய குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: சாக்கடையிலிருந்து மின்சாரம் எடுக்கலாமாமே, உண்மையா? உண்மைதான். ஆனால் எடுப்பதற்கு முன்னால் வீணாவதை நிறுத்த வேண்டும். நான் இயக்கப் பொறியாளராக இருந்த காலத்தில் இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்களையே அதிகம் பார்த்தேன். அதனால் வீணாவதைப் பற்றிய கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 120 வீடுகள். அடித்தளத்தில் 60 கே.எல்.டி. (நாளுக்கு 60 கிலோலிட்டர், அதாவது 60,000 லிட்டர்) எஸ்.டி.பி., அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. காற்று ஊதும் ஏழரை எச்.பி. ப்ளோயர் இரவு பகலாக ஓடுகிறது. அதற்கு மட்டும் மாதம் 3,600 யூனிட் ஆகிறது. கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, கழிவுநீரில் பயோகேஸ் எடுத்து ஜெனரேட்டர் ஓட்டலாம் என்கிறார். சங்கத்தில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். செய்யலாமா?
– அடுக்ககச் சங்கச் செயலாளர், மேடவாக்கம்

வேண்டாம் ஐயா. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், அதை அப்படியே சங்கக் கூட்டத்தில் வாசித்துவிடுங்கள்.

கழிவுநீரில் இருக்கும் கரிமப் பொருளை சி.ஓ.டி. என்ற அளவில் சொல்வோம். வீட்டுக் கழிவுநீரில் ஒரு கிலோலிட்டருக்குச் சுமார் அரைக் கிலோ இருக்கும். 60 கிலோலிட்டருக்கு 30 கிலோ. ஒரு கிலோ சி.ஓ.டி. முழுவதும் மீத்தேனாக மாறினால் 0.35 கனமீட்டர் கிடைக்கும். அது ஏட்டுக்கணக்கு. நடைமுறையில் கால் பங்கு மாறினாலே நல்ல நிலையம். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை கனமீட்டர் சொச்சம் மீத்தேன். அதில் இருக்கும் மொத்த வெப்பமும் இரண்டு கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். சின்ன ஜெனரேட்டரில் எரித்தால் ஆறேழு யூனிட் மின்சாரம் வரும். உங்கள் ப்ளோயரோ நாளுக்கு 120 யூனிட் தின்கிறது. இதற்காக, மக்கள் குடியிருக்கும் கட்டடத்தின் அடித்தளத்தில் மீத்தேனைத் தேக்கி வைப்பதா? கேட்கவே எனக்குப் பதறுகிறது.

பணம் மிச்சமாகும் இடம் அந்த 120 யூனிட்தான். நாளுக்கு 60 கிலோலிட்டர் முழுதாக வருகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோலிட்டருக்கு நீங்கள் 2 யூனிட் செலவழிக்கிறீர்கள். பெரிய நகராட்சி நிலையங்களில் அரை யூனிட்டுக்குள் முடிகிற வேலை இது. சின்ன நிலையத்துக்குச் செலவு கூடத்தான் செய்யும், ஆனால் இவ்வளவு வேண்டியதில்லை. பொதுவாக எஸ்.டி.பி.யின் மின்செலவில் பாதிக்கு மேல் காற்றுக்கே போகிறது. ஏரேஷன் டேங்கில் இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்ன ஆக்சிஜன் வேண்டும், அதை ஊதுவதுதான் ப்ளோயரின் வேலை.

முதலில் ஒரு டி.ஓ. மீட்டர் வாங்குங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவி. காலை எட்டு மணிக்கு, பிற்பகல் மூன்று மணிக்கு, பின்னிரவு மூன்று மணிக்கு என ஒரு வாரம் அளந்து எழுதச் சொல்லுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் போதும். பின்னிரவில் 4, 5 என்று காட்டும் என்றே நினைக்கிறேன்.

‘கூட இருந்தால் நல்லதுதானே’ என்று உங்கள் ஆபரேட்டர் சொல்வார். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் அதிகபட்சம் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். தண்ணீரில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறதோ அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் புது ஆக்சிஜனை உள்ளே இழுக்கும் பசி. 2 இருக்கும்போது பசி ஐந்தரை. 4 இருக்கும்போது மூன்றரை. அதாவது நுண்ணுயிர்களுக்கு அதே அளவு ஆக்சிஜனைக் கொடுக்க, நாலில் வைத்திருப்பவர் இரண்டில் வைத்திருப்பவரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் காற்று ஊத வேண்டும். ஐந்தில் வைத்தால் இரு மடங்கைத் தாண்டிவிடும். குளிர்நாடுகளில் தண்ணீர் இன்னும் அதிக ஆக்சிஜனைப் பிடிப்பதால் இந்தத் தண்டனை குறைவு. நம் ஊரில் ஒவ்வொரு கூடுதல் மில்லிகிராமும் காசு.

அடுத்து வி.எஃப்.டி., அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, விற்க ஆள் வருவார். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்செலவு பாதியாகும் என்பார். மின்விசிறிக்கும் தலைக்கு மேல் உயரம் அதிகமில்லாத பம்புக்கும் அது பொருந்தும். உங்களிடம் இருப்பது ட்வின்-லோப் ப்ளோயர் (இரண்டு சுழலிகள் சுற்றிக் காற்றைத் தள்ளும் வகை) என்றால் பொருந்தாது. அது எந்த வேகத்தில் ஓடினாலும் டேங்கின் ஆழத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் காற்றை விட வேண்டும். அந்த அழுத்தம் மாறாது. ஆகவே 20 சதவீத வேகம் குறைந்தால் மிச்சம் சுமார் 20 சதவீதம்தான். அதுவே மாதம் 700 யூனிட்! வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். பாதி மிச்சம் என்று நம்பி வாங்க வேண்டாம். புல்லி மாற்றி வேகத்தைக் குறைப்பது இன்னும் மலிவு, ஆனால் காலை நெரிசலுக்கு வேகத்தைக் கூட்ட முடியாது. மோட்டாரும் ப்ளோயரும் எந்த வேகம் வரை தாங்கும் என்று தயாரிப்பாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரொம்பக் குறைத்தால் ப்ளோயர் சூடாகும். உங்களுடையது எம்.பி.ஆர். வகை (மெம்பிரேன் என்ற நுண்துளைச் சவ்வால் வடிகட்டும் முறை) என்றால் மெம்பிரேனைத் தேய்த்துக் கழுவும் காற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ப்ளோயருக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் கேஜ் இருக்கும், பாருங்கள். டேங்கின் அடியில் காற்றைக் குமிழிகளாக விடும் டிஃப்யூசருக்கு மேல் மூன்றரை மீட்டர் தண்ணீர் நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு 0.35 கிலோ அழுத்தம் இயல்பு. குழாய்க்கும் டிஃப்யூசருக்கும் சேர்த்து 0.40 வரை போகலாம். 0.50 காட்டினால் டிஃப்யூசர் அடைத்திருக்கிறது, அடைப்பைத் தள்ளவே கரண்ட் போகிறது. டேங்கின் மேற்பரப்பும் சொல்லும். நல்ல டிஃப்யூசர் பொடிப்பொடியான குமிழிகளைப் பரவலாக விடும். ஓர் இடத்தில் மட்டும் உலை கொதிப்பது போலப் பெரிய குமிழிகள் பொங்கினால் அங்கே ரப்பர் கிழிந்திருக்கிறது. குமிழியே வராத இடம் அடைத்துக்கொண்ட இடம்.

அதைச் சரிசெய்ய யாரையும் டேங்கில் இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அதிக அளவில் இருந்தால் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும், வாசனை இல்லை என்று நினைத்து இறங்குகிறவர் திரும்பி வர மாட்டார். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது. மேலே நின்றபடி தூக்கி எடுக்கக்கூடிய டிஃப்யூசர் சட்டகங்கள் கிடைக்கின்றன. மாற்றும்போது அவற்றையே போடச் சொல்லுங்கள். இன்னொன்று: மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அடித்தளத்தின் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தும் சங்கங்கள் உண்டு. எதை வேண்டுமானாலும் நிறுத்துங்கள், அதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நான் சூழலியல் பொறியியல் மாணவி. கழிவுநீரில் இருக்கும் ஆற்றல், அதைச் சுத்திகரிக்கத் தேவையான ஆற்றலைவிடப் பல மடங்கு என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் நிலையங்கள் ஏன் இன்னும் மின்வாரியத்துக்குப் பணம் கட்டுகின்றன?
– கல்லூரி மாணவி, மதுரை

நல்ல கேள்வி. பாடத்தில் சொன்னதும் சரி, மின்கட்டண ரசீதும் சரி. இடையில் எங்கே கசிகிறது என்று பார்ப்போம் அம்மா.

ஒரு கிலோலிட்டரில் அரைக் கிலோ சி.ஓ.டி. அது முழுக்க மீத்தேனானால் சுமார் 1.75 யூனிட் வெப்பம். வழக்கமான நிலையத்தின் மொத்த மின்செலவு 0.3 முதல் 0.6 யூனிட் வரைதான். ஆக, பல மடங்கு என்பது பொய்யில்லை. ஆனால் அந்தக் கரிமப் பொருளில் ஒரு பெரும்பங்கை நாமே காற்று ஊதி எரித்துவிடுகிறோம். நுண்ணுயிர் தின்று கரியமில வாயுவாக வெளியே விட்டது திரும்பி வராது. வண்டலாகப் படிந்த கசடு மட்டும்தான் டைஜஸ்டருக்கு (கசடைக் காற்றில்லாமல் செரிக்க வைத்து மீத்தேன் எடுக்கும் தொட்டி) போகிறது, அங்கேயும் பாதிதான் செரிக்கிறது. கடைசியில் கால் பங்கு மீத்தேனாகிறது என்றால் 0.44 யூனிட் வெப்பம். நல்ல கேஸ் இன்ஜின் அதில் 38 சதவீதத்தை மின்சாரமாக்கும். கைக்கு வருவது 0.17 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

0.5 யூனிட் செலவழிக்கும் நிலையத்துக்கு 0.17 என்பது மூன்றில் ஒரு பங்கு. அதே நிலையம் செலவை 0.3க்குக் கொண்டுவந்துவிட்டால் அதே 0.17 பாதிக்கு மேல். இன்ஜினில் ஒரு நட்டைக்கூடத் திருகாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது. அதற்கப்புறம்தான் வாயுவைக் கூட்டும் வேலை: கரிமத்தைக் காற்றில் எரியவிடாமல் முதல் கட்டத்திலேயே பிடித்து டைஜஸ்டருக்கு அனுப்புவது. நன்றாகப் படியவிட்ட முதல்நிலைக் கசடுதான் வாயுவுக்கு உயிர். அதை நாள் கணக்கில் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு வாயு குறைகிறதே என்று கவலைப்படும் நிலையங்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில், நகர நீர்வழிகளைச் சீரமைக்கும் திட்டத்தில் 2000களின் நடுவில் கட்டிய நிலையங்கள் இந்த முறையில்தான் அமைந்தன. கொடுங்கையூரில் கட்டியது 110 எம்.எல்.டி., அதாவது நாளுக்கு 11 கோடி லிட்டர். கசடை டைஜஸ்டரில் செரிக்க வைத்து, வாயுவை கேஸ் ஹோல்டரில் பிடித்து, சுத்தப்படுத்தி, இன்ஜினில் எரித்துத் தங்கள் மின்தேவையின் ஒரு பங்கைத் தாங்களே ஈடுகட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. வாய்ப்புக் கிடைத்தால் அனுமதி பெற்று ஒன்றைப் போய்ப் பாருங்கள்.

இதில் நமக்கு இயற்கை கொடுத்த ஒரு சலுகை இருக்கிறது. டைஜஸ்டருக்கு 35 டிகிரி வேண்டும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கசடு 10 டிகிரியில் வரும். ஒரு கனமீட்டரை 25 டிகிரி சூடாக்க 29 யூனிட் வெப்பம். நம் கசடு 29 டிகிரியிலேயே வருகிறது, ஏழு யூனிட் போதும். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூடே அதற்குத் தாராளம். கசடைக் கெட்டியாக்கி அனுப்பினால் சூடாக்க வேண்டிய தண்ணீரும் குறையும்.

தொழில் நமக்குப் புதிதும் இல்லை. மும்பை மாட்டுங்காவில் தொழுநோயாளிகள் இல்லத்தின் கழிவுத் தொட்டியில் கிளம்பிய வாயுவைக் கொண்டு 1897லேயே விளக்கெரித்திருக்கிறார்கள்.

கேள்வி: ஆஸ்திரியாவில் ஒரு நிலையம் தனக்குத் தேவையானதைவிட அதிக மின்சாரம் தயாரிக்கிறதாமே. நம்மால் ஏன் முடியவில்லை?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

ஸ்ட்ராஸ் என்ற ஊர், ஐயா. சில்லர் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 2005இல் தன் தேவையைத் தாண்டி உற்பத்தி செய்தது. அங்கே கழிவுநீர் முதல் கட்டத்தில் மிகக் குறைந்த நேரமே நிற்கும். கரிமம் எரிவதற்குள் கசடாகப் பிடித்துவிடுவார்கள். டைஜஸ்டரிலிருந்து பிழிந்தெடுக்கும் தண்ணீரில் அமோனியா மிக அதிகம். அதைக் குறைந்த காற்றில் வேலை செய்யும் தனி நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்தார்கள். இரண்டுமே காற்றுச்செலவைக் குறைக்கும் வேலை என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவின் ஓக்லாந்து நிலையம் 2012இல் அந்த நிலையை எட்டியது. அது வேறு வழி. டைஜஸ்டரில் இடம் மிச்சம் இருந்தது, உணவுக்கழிவையும் ஆலைகளின் கரிமக்கழிவையும் லாரியில் வரவழைத்து அதில் போட்டார்கள். கல்யாண மண்டபங்களும் ஓட்டல்களும் நிறைந்த நம் ஊர்களுக்கு இது பொருந்தும் என்பது என் கருத்து. எண்ணெய்க் கழிவைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைக்கும். அதையே லாரியில் கொண்டுவந்து டைஜஸ்டரில் விட்டால் வாயு கூடும்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஜோர்டானின் அஸ்-சம்ரா. அம்மான், ஸர்க்கா நகரங்களின் கழிவுநீரை வாங்கும் நிலையம், 2008இல் இயங்கத் தொடங்கியது. வெயில் நாடு, தண்ணீருக்குத் தட்டுப்பாடு. நகரம் மேட்டில், நிலையம் பள்ளத்தில். இறங்கிவரும் கழிவுநீரிலேயே டர்பைன் வைத்திருக்கிறார்கள், சுத்திகரித்து வெளியே விடும் தண்ணீரிலும் வைத்திருக்கிறார்கள். கூடவே பயோகேஸ். மின்தேவையின் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. சென்னை தட்டையான கடற்கரை நகரம். இங்கே கழிவுநீரை உந்து நிலையங்களில் தூக்கித் தூக்கித்தான் அனுப்ப வேண்டும், ஆகவே டர்பைன் ஆசை வேண்டாம்.

நம்மால் ஏன் முடியவில்லை என்பதற்கு யாரும் பேசாத ஒரு காரணம் சொல்கிறேன். பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த பிறகும் பல வீடுகளில் பழைய செப்டிக் டேங்கை எடுக்காமல், அதன் வழியாகவே தண்ணீரை விடுகிறார்கள். கரிமப் பொருளில் ஒரு பங்கு அங்கேயே தங்கி அழுகி, மீத்தேன் வீட்டு வாசலிலேயே காற்றில் கலக்கிறது. மழைநீரும் நிலத்தடி நீரும் வேறு குழாயில் கசிந்து சேர்கின்றன. நிலையத்துக்கு வந்து சேர்வது நீர்த்துப்போன கழிவுநீர். அதிலிருந்து எவ்வளவு வாயு எதிர்பார்க்க முடியும்? உங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் இன்னும் இருந்தால், உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு நேரடி இணைப்புக்கு மாறுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. இரவில் உயரமான குழாயின் நுனியில் தீ எரிகிறது. வீட்டில் வெள்ளிக் கொலுசு, பூஜைப் பாத்திரம் எல்லாம் சீக்கிரம் கறுத்துவிடுகின்றன. எரிவது வீண்தானே?
– இல்லத்தரசி, வட சென்னை

எரிப்பது தேவைப்படும் நேரங்கள் உண்டு அம்மா. இன்ஜின் பராமரிப்பில் இருக்கும்போது வாயுவை அப்படியே திறந்துவிட்டால், மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது நூறாண்டுக் கணக்கு. எரிப்பது அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் தினமும் இரவெல்லாம் எரிகிறது என்றால் அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, மாதவாரியாக எவ்வளவு வாயு உற்பத்தியானது, எவ்வளவு இன்ஜினுக்குப் போனது, எவ்வளவு எரிக்கப்பட்டது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

வெள்ளி கறுப்பது ஹைட்ரஜன் சல்பைடால். கழிவுநீர் நீண்ட குழாய்களில் காற்றில்லாமல் மணிக்கணக்கில் பயணிக்கும்போது, அதிலுள்ள சல்பேட் அந்த வாயுவாக மாறுகிறது. கடலோரப் பகுதியில் உப்பு நீர் கசிந்தால் சல்பேட் இன்னும் கூடும். உங்கள் கொலுசைக் கறுக்க வைக்கும் அதே வாயுதான் இன்ஜினையும் கெடுக்கிறது. எரியும்போது அமிலமாகி இன்ஜின் ஆயிலில் இறங்கும், பேரிங்கை அரிக்கும். அதை முன்னாலேயே பிடித்து நிறுத்தத்தான் ஸ்க்ரப்பர். எனக்குத் தெரிந்த ஒரு நிலையத்தில் வாயு நன்றாகவே வந்தது, இன்ஜினும் நல்ல இன்ஜின். ஸ்க்ரப்பருக்கான ரசாயனம் வாங்கும் ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கும் கோப்பு மேசை மேசையாக அலைந்தது. அத்தனை மாதமும் வாயு குழாய் நுனியில்தான் எரிந்தது. அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

கேள்வி: இதையெல்லாம் விட்டுவிட்டு சோலார் பேனல் போட்டால் முடிந்ததே?
– வாசகர், திருச்சி

போடுங்கள், பகல் சுமைக்கு உதவும். ஆனால் ப்ளோயர் இரவிலும் ஓட வேண்டும். பகலில் சூரியன், மாலை நெரிசலுக்கு கேஸ் ஹோல்டரில் சேர்த்துவைத்த வாயு என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. டி.ஓ. நாலில் ஓடும் நிலையத்தில் பேனல் போடுவது, வீணாவதற்கும் சேர்த்துப் பேனல் வாங்குவதாகும்.

கேள்வி: நான் ஒரு நகராட்சி எஸ்.டி.பி.யில் ஒப்பந்த ஆபரேட்டர், இரவு ஷிஃப்ட். டி.ஓ. மீட்டர் கெட்டு மாதக்கணக்காகிறது. இரவில் தண்ணீர் குறைவாக வரும்போது ஒரு ப்ளோயரை நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘சோதனையில் தண்ணீர் ஃபெயிலானால் நீதான் பொறுப்பு’ என்று மேற்பார்வையாளர் திட்டுகிறார். நான் நினைப்பது தப்பா?
– ஆபரேட்டர், ஈரோடு மாவட்டம்

தப்பில்லை தம்பி. வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் முக்கியமானது உங்களுடையது. நிலையத்தின் மின்செலவு தலைமை அலுவலகத்தில் முடிவாவதில்லை, பின்னிரவில் கண்ட்ரோல் பேனல் முன்னால் நிற்கும் ஆளின் கையில் முடிவாகிறது. மீட்டரும் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் அந்த ஆளின் தலையில் கட்டுவது அநியாயம்.

மேற்பார்வையாளர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் திடீரென்று எதையும் நிறுத்தாதீர்கள். முதலில் எழுத ஆரம்பியுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் சிலிண்டரில் எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைத்து, கசடு எந்தக் கோட்டில் படிகிறது என்று லாக் புக்கில் குறியுங்கள். மேலே நிற்கும் தண்ணீர் தெளிவா, கலங்கலா என்றும் குறியுங்கள். டேங்கில் கசடு பழுப்பு நிறமாக, மண்வாசனையோடு இருந்தால் காற்று போதும். கறுத்து அழுகல் வாடை வந்தால் போதவில்லை. அமோனியா பார்க்கும் பட்டைகள் விலை குறைவு, ஒரு டப்பா வாங்கித் தரச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். கூடவே டி.ஓ. மீட்டரைப் பழுதுபார்க்கக் கேட்டும் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி கிடையாது.

அப்புறம் மேற்பார்வையாளரின் ஒப்புதலோடு, நள்ளிரவு தாண்டி வரத்து குறையும் நேரத்தில் மட்டும் காற்றை ஒரு படி குறையுங்கள். ஒரே ஒரு மாற்றம். அதை ஒரு வாரமாவது வைத்திருங்கள், ஏனென்றால் நுண்ணுயிர்க் கூட்டம் மெதுவாகத்தான் பதில் சொல்லும். காலை நெரிசல் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் காற்றைப் பழையபடி ஏற்றிவிடுங்கள். காலையில் அமோனியா ஏறினாலோ சிலிண்டரில் தண்ணீர் கலங்கினாலோ பழைய நிலைக்குப் போய்விடுங்கள்.

மேற்பார்வையாளரிடம் சொல்ல இன்னொரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. காற்றில்லாத பகுதியில் அந்த நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் பயன்படுத்திக்கொண்டால் 2.86 கிராம் திரும்பக் கிடைத்த மாதிரி. உங்கள் நிலையத்தில் அனாக்ஸிக் டேங்க் (அந்தக் காற்றில்லாத பகுதி) இருந்தால், அதன் மிக்ஸரும் திரும்பச் சுற்றும் பம்பும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பல இடங்களில் அவை நின்றுபோய், அந்த 2.86 கிராமுக்கும் ப்ளோயரே உழைத்துக்கொண்டிருக்கும். அந்த நைட்ரேட் அங்கே தீராமல் கடைசிப் படிவுத் தொட்டிக்குப் போனால், அங்கே நைட்ரஜன் குமிழியாகிக் கசடைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். தொட்டியில் கசடு கட்டிகட்டியாக மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு மாத லாக் புக் பக்கங்களை, நிலையத்தின் பெயரும் உங்கள் பெயரும் இல்லாமல், படம் எடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். யூனிட்டையும் அமோனியாவையும் நாள்வாரியாக எதிரெதிரே போட்டு, மேற்பார்வையாளரிடம் காட்டுவதற்கு ஒரே பக்கத் தாளாகத் தயாரித்துத் தருகிறேன்.